லெந்து ஆயத்தம்: சாம்பல், பான்கேக், ஊதாத் துணி

கேள்வி: பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள் நான். நான்கு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம், பக்கத்திலுள்ள எபிஸ்கோப்பல் ஆலயத்துக்குப் போகிறோம். ஞாயிறு ஆராதனைக்கு எண்பது பேர் வருவார்கள். பீடத்தையும் ஆராதனைப் பொருட்களையும் கவனிக்கும் ஆல்டர் கில்ட் குழுவில் என்னைச் சேர்த்து, ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்துக்கு, 2027-க்கான ஆயத்தத்தையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஊரில் இதையெல்லாம் ஆலயப் பணியாளரான கோயில்குட்டியார் பார்த்துக்கொள்வார். சாம்பலுக்கு என்ன செய்வது, பான்கேக் விருந்துக்கு எவ்வளவு மாவு வேண்டும், எதை எப்போது தொடங்குவது? இன்னொன்று: எங்களோடு இருக்கும் என் மாமியார், "இது திருநீறு பூசுற மாதிரியில்ல இருக்கு" என்று தயங்குகிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் காலண்டரில் நான்கு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2027-இல், நெற்றியில் சாம்பல் பூசி லெந்தைத் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. அதற்கு முந்தின நாள், 9-ஆம் தேதி, பான்கேக் விருந்து நடக்கும் ஷ்ரோவ் செவ்வாய். அதற்கு முந்தின ஞாயிறு, 7-ஆம் தேதி, லெந்துக்கு முந்தின எபிபனிக் காலத்தின் கடைசி ஞாயிறு. ஈஸ்டர் மார்ச் 28. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை 46 நாட்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது.

லெந்து ஆயத்தத்தில் பெரும்பகுதி எடுத்து வைக்கும் வேலைதான். பூவை எடுத்துவிடுவார்கள், அல்லேலூயாவை எடுத்துவிடுவார்கள், 'உன்னதத்தில் தேவனுக்கு மகிமை' பாட்டையும் எடுத்துவிடுவார்கள், பல சபைகளில் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள்கூட உள்ளே போய் மரத் தண்டுகள் வெளியே வரும். இதை விட்டுவிட்டு வாரத்துக்கு மூன்று கூட்டம், இரண்டு வேதபாடம், ஒரு சூப் விருந்து என்று அடுக்கும் சபைகள் மூன்றாம் வாரத்திலேயே ஓய்ந்துபோகின்றன. உங்கள் சபைக் குருவான ரெக்டர் கேட்டால், வாரத்தில் ஒரே ஒரு மாலை போதும் என்று சொல்லுங்கள்: எளிய சூப், பிறகு சிலுவைப் பாதை, எட்டு மணிக்கு வீடு.

சாம்பல், முந்தின வருடம் குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலையிலிருந்து வருகிறது. ஜனவரி மூன்றாம் ஞாயிறு முதலே ஆலய வாசலில் ஒரு கூடை வைத்து, வீட்டுச் சுவரிலும் வேதாகமத்துக்குள்ளும் இருக்கும் ஓலைகளைக் கொண்டுவரச் சொல்லி அறிவியுங்கள். ஒரு வாரம் மட்டும் அறிவித்தால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். வந்ததிலிருந்து நாடா, கம்பி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். சிலுவையாகப் பின்னிய ஓலைகளைப் பிரித்துப் போடாவிட்டால் நடுமுடிச்சு வேகாமல் பழுப்பாகவே நின்றுவிடும்.

எரிப்பதைக் கண்டிப்பாக வெளியே, காற்றில்லாத நேரத்தில், பழைய இரும்புச் சட்டியில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். ஒரு வருடம் காய்ந்த ஓலை சட்டென்று ஆளுயரத்துக்குச் சுவாலை விடும், அதனால் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். மண்ணெண்ணெயோ லைட்டர் திரவமோ வேண்டாம், அந்த வாடை சாம்பலை விட்டுப் போகாது. பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நெற்றியில் தெரிவது கரியின் கறுப்பு. முழுக்க எரிந்து வெளிறிய சாம்பல் நெற்றியில் நிற்காது, தெரியவும் செய்யாது. ஓலைகள் கறுத்துக் கனலும்போதே சட்டியை இரும்பு மூடியால் மூடி, காற்றை அடைத்து அணையவிடுங்கள். மறுநாள் நன்றாக ஆறிய பிறகு உரலில் இடித்து, டீ வடிகட்டியில் இரண்டு முறை சலித்தெடுங்கள். சலிக்காத நார்த்துணுக்கு தோலைக் கீறும். கூடை நிறைய ஓலைக்கு ஒரு சின்னக் கிண்ணச் சாம்பல்தான் தேறும், பயப்படாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி நூறு நெற்றிக்குத் தாராளம். ஓலை போதாவிட்டால் ஆலயப் பொருள் விற்கும் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். அதையும் ஜனவரி நடுவிலேயே சொல்லி வையுங்கள்.

சாம்பலில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றிக் குழைக்காதீர்கள். எரிந்த ஓலையில் இருக்கும் காரப் பொருள் தண்ணீரில் கரைந்தால் தோலைப் பொசுக்கும். நெற்றியில் கொப்புளம் வந்த கதைகளுக்கு இதுதான் காரணம். ஒன்று, உலர்ந்தபடியே வைக்கலாம். அப்போது தூள் இமையிலும் மூக்கிலும் உதிரும். இல்லையென்றால், ஆராதனைக்குச் சற்று முன் ஒரு தேக்கரண்டிச் சாம்பலுக்கு இரண்டு மூன்று சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டுக் குச்சியால் கலக்கலாம். விரலில் ஒட்ட வேண்டும், வழியக் கூடாது. எண்ணெய் கூடிவிட்டால் கொஞ்சம் உலர்ந்த சாம்பல் சேருங்கள். அதற்காகவே பாதியை எண்ணெய் படாமல் ஒதுக்கி வையுங்கள். மிஞ்சியதை இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வருடம் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

கிண்ணத்தைப் பீடத்தின் வெள்ளைத் துணிமேல் வைக்காமல் பக்க மேசையில் வையுங்கள். அதனருகே ஒரு பாதி எலுமிச்சை, ஒரு துண்டு ரொட்டி, கிண்ணத்தில் தண்ணீர், பழைய துண்டு. ரெக்டர் நற்கருணைக்குப் போகுமுன் கட்டைவிரலை எலுமிச்சையில் தேய்த்து, ரொட்டியால் துடைத்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் அப்பத்தில் கறுப்புத் தடம் பதியும். துணியில் சாம்பல் பட்டுவிட்டால் உடனே நனைக்காதீர்கள். கரி நூலுக்குள் இறங்கிவிடும். உதறி, ஒட்டும் டேப்பால் எடுத்துவிட்டுப் பிறகு சோப்பில் போடுங்கள்.

இனி செவ்வாய்க்கிழமை. நோன்புக்கு முன் வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்க்கவே இந்த விருந்து வந்தது. எண்பது பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 240 பான்கேக். ஒரு கப் மைதாவில் நாலங்குல அளவில் எட்டு வரும், ஆக முப்பது கப் மாவு. அங்கே கிடைக்கும் ஐந்து பவுண்டுப் பை இரண்டு வாங்கினால் சரியாக இருந்து கொஞ்சம் மிஞ்சும். முப்பது முட்டை, இரண்டு காலன் பால், ஒன்றேகால் கப் பேக்கிங் பவுடர், இரண்டு கப்புக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை, ஏழெட்டுத் தேக்கரண்டி உப்பு, உருக்கிய வெண்ணெய் இரண்டு பவுண்டு. சிரப் ஆளுக்குக் கால் கப் வீதம் ஐந்து லிட்டர்.

தோசை ஊற்றிப் பழகிய கைக்கு இங்கேதான் தடுமாற்றம் வரும். தோசை மாவு போல இதை முன்னிரவே கரைத்து வைக்கக் கூடாது. ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து ஊற்றினால் தட்டையாக, தோல் மாதிரி வரும். உலர்ந்தவற்றை மட்டும் ஆறு கப் மாவுக்கு ஒரு பை என்ற கணக்கில் ஐந்து பைகளாகக் காலையிலேயே கலந்து வையுங்கள். ஒரு பை தீரும் நேரத்தில் அடுத்த பைக்கு ஆறு முட்டை, ஆறு கப் பால், முக்கால் கப் வெண்ணெய் சேர்த்துக் கரைத்தால் போதும். கட்டி கட்டியாக இருக்கும்போதே கலக்குவதை நிறுத்துங்கள். அடித்துக் கலக்கினால் ரப்பராகிவிடும். கல் 375 டிகிரி ஃபாரன்ஹீட். மேலே குமிழி வெடித்து ஓட்டை மூடாமல் நிற்கும்போது திருப்ப வேண்டும், ஒரே ஒரு முறை.

பெரிய மின்சாரக் கல் ஒன்றில் ஒரு நடைக்கு எட்டு ஊற்றலாம். மணிக்கு நூறு என்று வையுங்கள். ஒன்றரை மணி நேர விருந்துக்கு இரண்டு கல் வேண்டும். ஆலயக் கூடங்களில் ஆண்டுதோறும் நடக்கும் விபத்து இங்கேதான். ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய 1500 வாட். 120 வோல்ட்டில் அது பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும், கூடத்துச் சர்க்யூட் தாங்குவதோ 15 அல்லது 20. இரண்டு கல்லை ஒரே சர்க்யூட்டில் செருகினால் பிரேக்கர் விழுந்து கூடமே இருட்டாகும். காப்பி கொதிகலனும் ஒரு கல்லுக்குச் சமமாக இழுக்கும். திங்கட்கிழமையே மூன்றையும் செருகி, பத்து நிமிடம் ஓடவிட்டு, எந்தப் பிளக் எந்தச் சர்க்யூட் என்று டேப் ஒட்டி எழுதுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்.

லெந்துக்குரிய ஊதாத் துணிகளை மூன்று வாரம் முன்பே வெளியே எடுங்கள். பீடத் துணி, பிரசங்க பீடத் துணி, குருவின் தோள்பட்டையான ஸ்டோல், அவருடைய மேலங்கியான சாசுபிள், நற்கருணைப் பாத்திரத்தின் மேல்துணி எல்லாவற்றையும் தொங்கவிட்டால் மடிப்பு தானே இறங்கும். பூச்சி அரித்த இடம், பிரிந்த விளிம்பு, மெழுகுக் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பருத்தி, லினன் துணியில் மெழுகை மழுங்கிய கத்தியால் சுரண்டி, இரு பக்கமும் பழுப்புத் தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். பட்டிலும் வெல்வெட்டிலும் இதைச் செய்யாதீர்கள். உங்கள் அலமாரியில் ஊதாவுக்குப் பதிலாக வெளுக்காத லினனில் அடர்சிவப்பும் கறுப்பும் குறிகளாகப் போட்ட தொகுதி இருந்தால் குழம்ப வேண்டாம். அது இங்கிலாந்தின் பழைய வழக்கம், லெந்துக்கு உரியதுதான். சிலுவைகளுக்குத் திரை போடுவது சபைக்குச் சபை மாறும்: சில இடங்களில் முழு லெந்தும், சில இடங்களில் ஐந்தாம் ஞாயிறு முதல். ரெக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணி மாற்றுவதைச் செவ்வாய் இரவுக்கு வைக்காதீர்கள். நடுவில் வேறு ஆராதனை இல்லையென்றால் 7-ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்ததுமே மாற்றிவிடலாம்.

அதே ஞாயிறு, பிள்ளைகள் எழுதி வண்ணம் தீட்டிய 'அல்லேலூயா' துணிப் பதாகையைக் கடைசிப் பாட்டின்போது ஒரு பெட்டியில் வைத்து மூடும் வழக்கம் பல சபைகளில் உண்டு. ஈஸ்டர் முன்னிரவு ஆராதனையில் அது திரும்ப வரும். பெட்டியை எங்கே வைத்தீர்கள் என்று இரண்டு பேருக்காவது எழுதிக் கொடுங்கள். அல்லேலூயா உண்மையில் தப்பி வருவது ஆராதனைத் தாளில்தான். சென்ற வாரத் தாளையே திருத்தி அச்சிடும்போது, அப்பம் பிட்கும் இடத்திலும் கடைசி அனுப்புதலிலும் அது அப்படியே நின்றுவிடும். லெந்தின் முதல் ஞாயிறு, பிப்ரவரி 14-க்கான தாளை அச்சுக்கு முன் நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். தொடக்க வாழ்த்தும் லெந்துக்குரியதாக மாற வேண்டும். அன்று லித்தானியாவை, அதாவது சபையார் மறுமொழி சொல்லும் நீண்ட மன்றாட்டை, பவனியாகப் பாடும் சபை என்றால் ஆராதனை கால் மணி நேரம் நீளும் என்று பாடகர் குழுவுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். குருத்தோலை ஞாயிறு மார்ச் 21. அதற்கான ஓலையையும் பிப்ரவரி முதல் வாரத்திலேயே ஆர்டர் செய்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் தயக்கம் நியாயமானது, அதை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒத்திருப்பதை மறுக்க வேண்டியதில்லை. நெற்றியில் சாம்பல் என்றால் தமிழ்க் கண்ணுக்கு முதலில் தோன்றுவது திருநீறுதான். ஆங்கிலிக்கன் சபையிலும் இந்தத் தயக்கம் புதிதல்ல. இங்கிலாந்தில் 1548-இல் சாம்பல் பூசுவதையே நிறுத்தினார்கள். அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையின் பொது ஜெப புத்தகத்துக்குள் அது வந்தது 1979 பதிப்பில்தான், அங்கேயும் 'சாம்பல் பூசுவதானால்' என்றுதான் 265-ஆம் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஜெபம் சாம்பலுக்குக் காவலோ சக்தியோ கேட்கவில்லை. நாம் சாகிறவர்கள், மனந்திரும்ப வேண்டியவர்கள் என்பதற்கு அது அடையாளமாக இருக்கட்டும் என்றும், நித்திய ஜீவன் தேவனுடைய ஈவு என்று நினைக்கச் செய்யட்டும் என்றும் மட்டுமே கேட்கிறது. பூசும்போது சொல்வதோ ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்து வசனம். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று தமிழில் அவருக்கு மனப்பாடமாகவே இருக்கும். முன்கூட்டி வீட்டில் அவரோடு அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் மனம் வராவிட்டால் இருக்கையிலேயே இருக்கட்டும். 51-ஆம் சங்கீதமும் பாவ அறிக்கையும் எல்லோருக்கும் பொது. நற்கருணைக்கு நெற்றியில் சாம்பல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. புதன்கிழமை காலை, நண்பகல், மாலை என்று இரண்டு மூன்று ஆராதனைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் கிண்ணம் எடுத்து வைத்துத் துடைத்துக் கொண்டிருந்தால் நீங்கள் முழங்கால் போடவே நேரம் இருக்காது. ஜனவரியிலேயே பெயர்ப் பட்டியல் போடும்போது காலைக்கும் நண்பகலுக்கும் நீங்கள் நில்லுங்கள், மாலைக்கு வேறு இருவரைக் கேளுங்கள். மாலையில் மாமியாரோடு, கையில் துண்டில்லாமல், வரிசையில் வந்து உட்காருங்கள்.