பெற்றோர் இருவருக்கும் கருங்கண், பிள்ளைக்கு மட்டும் பூனைக்கண் எப்படி?

தாராளமாக வரலாம். மதுரைப் பக்கம் இதை வைத்துச் சொந்தக்காரர்கள் முணுமுணுப்பது வெட்டிப் பேச்சு.

கண்ணின் நிறம் ஐரிஸில், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தில், உள்ள மெலனின் என்ற நிறமியின் அளவைப் பொறுத்தது. நிறைய இருந்தால் அடர் பழுப்பு. நாம் கருப்பு என்பது அதைத்தான். குறைந்தால் தேன் நிறம், பச்சை, நீலம். நீலக் கண்ணில் நீலச் சாயமே கிடையாது, ஒளி சிதறுவதால் அப்படித் தெரிகிறது. 15ஆவது குரோமோசோமில் அருகருகே இருக்கும் ஓசிஏ2, ஹெர்க்2 மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு. வேறு பல மரபணுக்களும் சேர்வதால், பள்ளியில் படித்த ஓங்குபண்பு, ஒடுங்குபண்புக் கணக்கு மட்டும் போதாது. பாட்டி வழி வந்தது பெற்றோரிடம் வெளியே தெரியாமல் இருந்து பேரனிடம் தலைகாட்டலாம்.

வெளிர் கண்ணோடு பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு வருடத்தில் நிறம் அடர்வது சகஜம். தாத்தாவின் கண்ணைச் சுற்றித் தெரியும் சாம்பல் வளையம் ஐரிஸின் நிறமாற்றம் அல்ல, கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிவான படலமான கார்னியாவின் ஓரத்தில் படியும் கொழுப்பு. முதுமையில் அது சாதாரணம். நாற்பதுக்கு முன்பே வந்தால் கொலஸ்ட்ரால் பாருங்கள். ஒரு கண் மட்டும் நிறம் மாறினால் உடனே மருத்துவரிடம் போங்கள். 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற மதுரையில் தள்ளிப்போட என்ன சாக்கு?

அப்புறம், கல்யாணத்துக்குக் கலர் லென்ஸ் போட ஆசையென்றால் அளவு பார்த்தே வாங்குங்கள். அடுத்தவர் லென்ஸை மாற்றிப் போடவே கூடாது.