பேலன்ஸ் இருந்தும் அபராதமா? – வங்கிக் கேள்வி-பதில்

மாதக் கடைசியில் கணக்கில் ரூ.10,000 இருந்தது. அப்படியும் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பணம் பிடித்திருக்கிறார்கள். இது சரியா?

பல வங்கிகள் பார்ப்பது கடைசி நாள் இருப்பை அல்ல, மாதச் சராசரியை. தினமும் நாள் முடிவில் இருந்த தொகைகளைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 25 நாள் ரூ.2,000, கடைசி 5 நாள் ரூ.10,000 என்றால் சராசரி ரூ.3,333தான். ஆனால் ஒரே ஒரு நாள் 3 லட்சம் போட்டு மறுநாளே எடுத்துவிட்டால், மீதி 29 நாள் கணக்கு காலியாகக் கிடந்தாலும் சராசரி ரூ.10,000! காசுள்ளவருக்குத் தோதான கணக்குதான், என்ன செய்ய?

ஒன்று கவனியுங்கள். இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எஸ்எம்எஸ், மெயில் எதுவுமே வரவில்லை என்றால் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் வேலைக்கு ஆகாது.

பழைய சேமிப்புக் கணக்கை மூடப் போனேன். மைனஸ் ரூ.1,800 என்று காட்டி, கட்டச் சொல்கிறார்கள்.

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். முதலில் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று 2014 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. செக் திரும்பிய கட்டணம் மாதிரி வேறு ஏதாவது என்றால் அது தனி விஷயம்.

பாஸ்புக்கில் ரூ.40,000 இருக்கிறது, ஏடிஎம்மில் ரூ.25,000தான் எடுக்க முடியும் என்கிறது.

மீதி ரூ.15,000 எங்கும் போகவில்லை. போட்ட செக் இன்னும் பாஸாகாமல் இருக்கலாம், அல்லது வங்கி 'லியன்' போட்டு முடக்கி வைத்திருக்கலாம். ஐபிஓவுக்கு (ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) விண்ணப்பித்தீர்களா? பங்கு ஒதுக்கும்வரை அந்தத் தொகை கணக்கிலேயே இருக்கும், தொட முடியாது.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, பேலன்ஸ் மட்டும் குறைந்துவிட்டது!

அடுத்த 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு, நீங்கள் கேட்காமலேயே.

மினிமம் பேலன்ஸ் தொல்லையே இல்லாத கணக்கு கிடைக்குமா?

கிடைக்கும். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேளுங்கள், யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் மட்டும் அதை மூட வேண்டியிருக்கும்.