நிலத்தடி நீரில் கலந்த மாசைப் பாக்டீரியாக்கள் எப்படிச் சிதைக்கின்றன?

நிலத்தடி நீரில் பெட்ரோல் கசிந்தால் பாக்டீரியாவே சுத்தம் செய்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும், ஆனால் மெதுவாக.

நீரடியில் கிடக்கும் கல்லைத் தொட்டால் வழவழவென்று இருக்கும் இல்லையா? அந்தப் படலம் நிறைய பாக்டீரியாக்கள். மண்ணுக்கடியில் மணல் துகள்களிலும் இப்படித்தான் ஒட்டியிருக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற வேதிப்பொருள் அந்தப் பாக்டீரியாக்களில் சிலவற்றுக்கு உணவு. ஆக்சிஜன் இருந்தால் பென்சீனைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் உடைத்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்தால்? அப்புறம் சில வகைகள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும். அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிவிடும். உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டால் கெட்ட நீருக்கு எவ்வளவு பெரிய உதவி!

எனக்குக் கவலை தருவது டிரைகுளோரோஎத்திலீன், அதாவது உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்படும், குளோரின் உள்ள கரைப்பான். டிஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா அதன் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். வேலை பாதியில் நின்றால் வினைல் குளோரைடு தங்கிவிடும். அது புற்றுநோய் உண்டாக்கும். அப்படிப்பட்ட இடத்து நீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். ஈயம், ஆர்செனிக் தனிமங்கள் என்பதால் அவற்றை எந்தப் பாக்டீரியாவும் சிதைக்க முடியாது.