பத்தாம் வகுப்பில் இல்லாத பரிணாமம்

வணக்கம் ஐயா. என் மகள் மத்தியப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுடைய அறிவியல் புத்தகத்தில் பரிணாமம் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் என் அண்ணன் மகனின் புத்தகத்தில் இருக்கிறது. பெரிய இழப்பு என்று சிலர் பேசுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறதே, தேவைப்படுகிறவர்கள் அங்கே படித்துக்கொள்ளட்டுமே? இவள் வணிகவியல் எடுக்கப்போகிறாள். தவிர, ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டார். ஆசிரியர்கள் அதிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியாதா?

ஒரு வாசகர், திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் வணிகவியல் எடுக்கப்போகிறாள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, மத்தியப் பாடத்திட்டத்துக்குப் புத்தகம் தயாரிக்கும் என்சிஇஆர்டி பாடங்களை வெட்டியது. ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த பத்தாம் வகுப்புப் பாடம் வெறும் ‘மரபுவழி’ ஆனது. பெருந்தொற்று ஓய்ந்த பிறகு 2023இல் வந்த புத்தகத்திலும் அது திரும்பவில்லை. அறிவியலாளர்களும் ஆசிரியர்களுமாக 1,800க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பன்னிரண்டில் இருக்கிறதே என்று நீங்கள் சொன்னதையேதான் அரசுத் தரப்பும் சொன்னது. ஆனால் பன்னிரண்டில் அதைப் படிப்பவர்கள் உயிரியல் எடுத்தவர்கள் மட்டும். மற்றவர்களுக்கு உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. டாக்டராகப் போகிறவருக்குப் பரிணாமம் வேண்டும், அவர் எழுதித் தரும் மாத்திரையை விழுங்கப் போகிறவருக்கு வேண்டாம் என்று யார் முடிவுசெய்தார்கள்?

மாத்திரை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் வேலை செய்யாமல் போனால் ‘உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. உடம்புக்கு ஒன்றும் பழகுவதில்லை. பாக்டீரியாக் கூட்டத்தில் மருந்தைத் தாங்கக்கூடிய சில முன்பே இருந்திருக்கலாம், அல்லது பெருகும்போது தற்செயலாகத் தோன்றியிருக்கலாம். மற்றவை மடிய, அவை பிழைத்துப் பெருகுகின்றன. கொஞ்ச நாளில் கூட்டம் முழுவதும் அவற்றின் வாரிசுகள். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வது தாக்குப்பிடிக்கும் கிருமிகளை வளர்த்துவிடும் என்று எச்சரித்தார். பரிணாமம் என்பது பழங்கால விலங்குகளின் கதை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை பாதிதான் புரியும்.

இந்த எடுத்துக்காட்டில் எந்தத் தனி பாக்டீரியாவும் மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, கவனித்தீர்களா? மாறியது கூட்டம். தலைமுறைகளின் ஊடாக எந்த வகை மிகுகிறது, எது அருகுகிறது என்ற கணக்குதான் பரிணாமம். மாணிக்கவாசகரை அங்கே அழைத்து வர வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். சிவபுராணத்தில் பேசுவது ஓர் உயிர். அதே உயிர் புல்லாகிறது, புழுவாகிறது. புழுவுக்குப் பிறகு மரம். பறவைக்குப் பிறகு பாம்பு, அப்புறம் கல், அப்புறம் மனிதர், அதன்பின் பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர். மேடையில் இதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் பேய் வருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறார்கள்! அந்த வரிகள் போய்ச் சேரும் இடம் ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்’. பிறந்து பிறந்து களைத்துப்போன ஒருவரின் முறையீடு அது. அதை உயிரியல் குறிப்பாக்கினால் பிள்ளைகளுக்குப் பரிணாமமும் தவறாகப் பதியும், கவிதையும் கைநழுவும். தசாவதாரத்தை வரிசையாக நிறுத்தி டார்வினை அதில் பொருத்துவதும் இதே கதைதான்.

ஆசிரியர் எங்கிருந்து தொடங்கலாம் என்கிறீர்களா? காஷ்மீரிலிருந்து தொடங்கலாம். ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்த பாறைகள், அவர் மறைந்த பின்பு அவருடைய மனைவியின் பொறுப்பில் இருந்தன. அவை தெவிஸன் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தன. ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது அது தற்செயலாக உடைந்தது. உள்ளே தெரிந்த காது எலும்பின் ஒரு பக்கச் சுவர், திமிங்கலங்களுக்கே உரியது என்று கருதப்பட்ட விதத்தில் தடித்திருந்தது. அந்த விலங்கோ பூனை அளவே இருந்த, குளம்புள்ள, பார்க்கச் சருகுமான் போன்ற பிராணி. பெயர் இந்தோஹையஸ். ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நீரில் இறங்கி நடக்கும் விலங்குகளுக்கு இருப்பதைப் போல அதன் கால் எலும்புகளும் கனத்திருந்தன. அது திமிங்கலத்தின் நேர் மூதாதை அல்ல, மிக நெருங்கிய உறவு. 2007இல் இந்த ஆய்வு வெளியானது. திமிங்கலம் நிலத்திலிருந்து கடலுக்குப் போன கதைக்கான சான்று நம் நாட்டுப் பாறையில் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்ல இடமிருந்த பாடத்தைத்தான் சுமை என்று எடுத்துவிட்டோம்.

மாநிலப் பாடத்திட்டத்தை மெச்சி இங்கே முடித்துவிட முடியாது. பாடம் இருக்கிறது, சரி. அது நடத்தப்படுவதோ பெரும்பாலும் ‘அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள்: வேறுபடுத்துக’ என்ற கேள்விக்காக. வௌவாலின் இறக்கையிலும் மனிதக் கையிலும் ஏன் ஒரே எலும்பு வரிசை என்று கேட்கும் பிள்ளைக்கு, அது தேர்வுக்கு வராது என்ற பதில் கிடைத்தால் பாடம் இருந்தும் என்ன பயன்?

உங்கள் மகளுக்கு இப்போது விடுமுறை இருக்கும். அண்ணன் மகனின் அறிவியல் புத்தகத்தில் 19ஆவது அலகு, ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’. வாங்கிக் கொடுங்கள். பின்பக்கத்துக் கேள்விகளைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படித்து முடித்ததும் ஆன்டிபயாடிக் ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை என்று அவளையே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.