‘கொக்கு’ ஏன் ‘காக்கு’ ஆகிறது?

கேள்வி: என் மகன் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் வேறு எதையும் வாசிக்க வரவில்லை. ‘படம்’, ‘மரம்’ சரியாகச் சொல்கிறான். ‘கொக்கு’ என்று எழுதினால் ஒருநாள் ‘காக்கு’ என்கிறான், ஒருநாள் ‘கெக்கு’ என்கிறான். பள்ளியில் நடந்த இலவச முகாமில் ‘கற்றல் குறைபாடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதப் பயிற்சிக்கு 18,000 ரூபாய், இந்த மாதத்துக்குள் கட்டினால் சலுகையாம். நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். லோடு ஆட்டோ ஓட்டும் அவன் அப்பா, ‘இவன் மண்டையில ஏறாது’ என்கிறார். பணத்தைக் கட்டிவிடலாமா? நானே சொல்லிக் கொடுத்தால் தப்பாகிவிடுமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. சலுகை போனால் போகட்டும்.

உங்களுக்கான பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘கொ’ என்ற எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பாருங்கள். முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். உங்கள் மகன் கொம்பை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கும் நாளில் ‘கா’ என்கிறான். காலை விட்டுவிட்டுக் கொம்பைப் பார்க்கும் நாளில் ‘கெ’ என்கிறான். இரண்டு தடவையும் அவன் கண்ணில் பட்டதைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான். இரண்டும் சேர்ந்தால் ‘ஒ’ ஓசை என்று யாரும் அவனை உட்கார வைத்துச் சொல்லவில்லை. ‘க கா கி கீ’ என்று ராகம் போட்டுச் சொல்ல வைத்திருப்பார்கள். ராகம் மனதில் நிற்கும், எழுத்து நிற்காது. முப்பது வருஷம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இருந்த எனக்கு இது நன்றாகத் தெரிந்த தடுமாற்றம்.

சந்தேகம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அவன் ஒப்பிக்கும் பாடத்திலிருந்து பத்துச் சொற்களை எடுத்து, வரிசையை மாற்றி, படமில்லாத வெறும் தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கே நிற்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அநேகமாகக் கொம்பு வரும் இடத்தில்தான் நிற்பான்.

247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அப்புறம் கால், கொம்பு, ‘கி’யில் வரும் விலங்கு என்று கைவிரலில் எண்ணக்கூடிய குறிகள். இவை தெரிந்தால் பெரும்பாலான எழுத்துகள் தானே வந்துவிடும். கு, சு, டு, மு போன்ற உகர ஊகார வரிசைதான் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், அதற்கு மட்டும் தனியாக நேரம் கொடுங்கள். ல, ள, ழ குழப்பத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? உங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தில். போடி, தேனி, தேவாரம், கோம்பை, பெரியகுளம், வைகை அணை. ஒவ்வொரு பெயரிலும் ஏதோ ஒரு கொம்பு இருக்கிறது பாருங்கள். ‘கொடைக்கானல்’ என்ற ஒரே சொல்லில் அவன் தடுமாறும் கொம்பும் காலும் சேர்ந்து வருகின்றன, ‘டை’யில் இணைக்கொம்பு வருகிறது, ‘கா’வில் தனிக் காலும் வருகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு குறி போதும். முதல் வாரம் கெ, செ, பெ. அடுத்த வாரம் கா, சா, பா. மூன்றாவது வாரம் இரண்டையும் சேர்த்து கொ, சொ, பொ. மெலிதான குச்சியை வளைத்துக் கொம்பாகவும் காலாகவும் ‘க’வுக்கு இரண்டு பக்கமும் அவனையே வைக்கச் சொல்லுங்கள். கையால் வைத்த எழுத்து மறக்காது.

தினமும் பத்து நிமிஷம். அவன் திணறும்போது நீங்கள் வாய் திறக்காமல் ஐந்து எண்ணுங்கள், மனசுக்குள். அவனே கண்டுபிடிக்க அந்த ஐந்து நொடி வேண்டும். வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுங்கள், பிரசங்கம் வேண்டாம். ‘உன் சித்தப்பா பையனைப் பார்’ என்ற பேச்சு வீட்டுக்குள் வரவே கூடாது.

நீங்கள் சொல்லிக் கொடுத்தால் தப்பாகிவிடுமா என்றீர்கள். 1970களின் பிற்பகுதியில் லண்டனில் ஹாரிங்கே என்ற பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. சில வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவிடம் வாசித்துக் காட்டினார்கள். வேறு சில வகுப்புகளில் ஓர் ஆசிரியரைக் கூடுதலாகப் போட்டு, சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1982-இல் முடிவு வெளிவந்தபோது, நன்றாக முன்னேறியவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டிய பிள்ளைகள்தான். அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான். நீங்களோ ஒன்பதாவது படித்தவர்.

அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்றால் பரவாயில்லை. ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும், ‘இன்னைக்கு ஏத்தின லோடு சீட்டு இது, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுடா’ என்று பையனிடம் நீட்டட்டும். ‘ஏறாது’ என்று சொன்ன வாயாலேயே ஒரு தடவை ‘அட, படிச்சிட்டானே’ என்று சொல்லிப் பார்க்கட்டும். ‘ஏறாது’ என்பதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளை அதை நம்பிவிடுவான். அதன்பிறகு எந்தப் பயிற்சிக்கும் பலன் இருக்காது.

இப்போது அந்த முகாம். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பள்ளியின் அனுமதியோடு வருகிறார்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம். ஒரு தாள், ஒரு டிக், ஒரு தொகை. கற்றல் குறைபாட்டை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. கண், காது, அறிவுத்திறன், பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது வரை எல்லாம் பார்த்து, மணிக்கணக்கில் சோதித்துத்தான் சொல்ல முடியும். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த உளவியலாளராக இருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், எப்படிப் பேச்சை மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்து இன்னொருவர் வருவார்: ‘சான்றிதழ் வாங்கித் தருகிறேன், பொதுத்தேர்வில் சலுகை கிடைக்கும்’ என்பார். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இருப்பது உண்மை, சலுகைகளும் உண்மை. ஆனால் சான்று தருவது அரசு மருத்துவர்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. நடுவில் நிற்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்க வைக்கிறோம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-இல் சட்டம் வந்தது. தனியார் பள்ளிகளும் தமிழ்ப் புத்தகம் வாங்கின. பிள்ளை வாசிக்கிறானா என்று வந்து பார்க்கத்தான் ஆளில்லை. அரசுப் பள்ளிகளுக்கு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பிரித்துச் சொல்லிக் கொடுப்பது நல்ல முறைதான். ஆனால் ஆசிரியரின் நேரத்தைச் செயலியில் விவரம் ஏற்றுவது தின்கிறது. உங்கள் பையனின் பள்ளியில் அதுவும் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் வேண்டாம். காது. அடிக்கடி சளி பிடிக்குமா? காதில் சீழ் வடிந்ததுண்டா? டிவியைச் சத்தமாக வைக்கிறானா? பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா? நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒருநாள் கேட்கும், ஒருநாள் மங்கும். அதனால்தான் வீட்டிலும் பள்ளியிலும் ‘கவனமில்லாத பையன்’ என்று பெயர் வாங்குவான். ஓசை தெளிவாகக் காதில் விழாத பிள்ளைக்கு எந்த எழுத்தும் எந்த ஓசையோடும் ஒட்டாது. என் வகுப்பில் ஒரு சிறுமி இரண்டு வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மந்தம் என்றே நானும் நினைத்திருந்தேன். காதைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்த பிறகு, மூன்றே மாதத்தில் வாசித்தாள். க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள், செலவில்லை. அப்படியே கண்ணையும் பார்த்துவிடுங்கள்.

காதும் கண்ணும் சரியாக இருந்து, தினமும் பத்து நிமிஷம் ஆறு மாதம் உட்கார்ந்த பிறகும் ‘கொ’ பிடிபடவில்லை என்றால், அதே மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கேளுங்கள். நீங்கள் குறித்து வைத்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள், எந்தச் சொல்லில், எந்த எழுத்தில் நின்றான் என்று தேதியோடு. முகாமில் கொடுத்த தாளைக் கிழிக்க வேண்டாம், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் அந்த மையத்திலிருந்து வேறு தாள் எது வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.