12க்கு 10 அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். புது வீட்டில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கிவிட்டாராம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. சீமெந்துக் கல் சுவர், கொங்கிறீட் கூரை, டைல்ஸ் தரை. பழைய சினிமாப் பாட்டு, நாதஸ்வரம், இடையிடையே கூத்துப் பதிவுகள் கேட்பாராம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர், பக்கத்துக்கு இரண்டு 8 அங்குல வூபர் (பேஸ் எனும் கீழொலி தரும் கூம்பு) பூட்டிய, நெஞ்சளவு உயரமான ஸ்பீக்கர் சோடியைப் பாதி விலைக்குத் தரத் தயாராக இருக்கிறார். அதே காசுக்குக் கொழும்பில் புதிதாக ஒரு சோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கலாம். "பெரிசு கைக்கெட்டுற விலையில கிடைக்கும்போது சிறிசை எடுக்கிறது மடத்தனமா அண்ணா?" என்பது அவர் கேள்வி.

மடத்தனம் இல்லை தம்பி. சிறிசையே எடுங்கள்.

காரணத்தைச் சொல்ல முதலில் உங்கள் அறையைத்தான் பார்க்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டுக்கு நடுவே, சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஒலி முன்னும் பின்னும் மோதி நின்ற அலையாகிவிடும். அந்தச் சுருதிகள் மட்டும் அறையில் வீங்கிக் கேட்கும். கணக்கு எளிது. நம் ஊர் 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகிறது. ஆகவே 572 என்ற எண்ணை அறையின் அளவால் (அடியில்) வகுத்தால் முதல் நின்ற அலை கிடைத்துவிடும். உங்கள் 12 அடிக்கு 48 ஹேர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹேர்ட்ஸ். உயரமும் 10 அடி என்பதால் மறுபடியும் அதே 57. இரண்டு நின்ற அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான்.

பேஸ் கிட்டாரில் இது எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதன் தடித்த தந்தியை மூன்றாவது கட்டையில் அழுத்தினால் 49 ஹேர்ட்ஸ். அடுத்த தந்தியைத் திறந்து மீட்டினால் 55, முதல் கட்டையில் 58. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் ஓடி ஓடி வாசிக்குமே, அந்த ஓட்டத்தில் இந்த மூன்று சுரம் மட்டும் உங்கள் அறையில் முட்டிக்கொண்டு நிற்கும், மற்றவை பின்தங்கும். வாசித்தவர் எல்லாச் சுரத்தையும் ஒரே பலத்தில்தான் வாசித்திருப்பார். இரட்டை 8 அங்குல வூபர் உள்ள பெட்டி 40 ஹேர்ட்ஸ் வரை தாராளமாக இறங்கி, அறை ஏற்கெனவே வீக்கி வைத்திருக்கும் இடத்திலேயே இன்னும் கொட்டும். கூத்தின் மத்தளத்தில் அடிக்கும் அடிக்கும் இடையே இருக்கிற வெறுமைதான் தாளக்கட்டின் உயிர். அந்த வெறுமையை இந்த ஊதல் வந்து மூடிவிடும்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. வெளிநாட்டு ஸ்பீக்கர் விமர்சனங்களில் "சிறிய அறையிலும் நன்றாக இருந்தது" என்று எழுதியிருப்பார்கள். அங்கே பல வீடுகளில் உட்சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை, தரையும் மரப்பலகை. அவை பேஸ் பட்டதும் கொஞ்சம் அதிர்ந்து கொடுத்து, அதன் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் கல் சுவரும் கொங்கிறீட்டும் அசையாது. உள்ளே போன பேஸ் உள்ளேயேதான் சுற்றும். ஆகவே அவர்கள் எழுதும் அளவை விட ஒரு படி சிறிய ஸ்பீக்கரைத்தான் நாம் எடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

பல வருடங்களுக்கு முன் 10 அங்குல வூபர் உள்ள ஒரு சோடியை ஆசைப்பட்டு வாங்கி, 11க்கு 10 அறையில் வைத்தேன். கடையில் கேட்டபோது அற்புதமாக இருந்தது. அந்தக் கடை ஒரு மண்டபத்தின் அளவு. வீட்டில் வைத்து ஆறு மாதம் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒரு நாளும் தவில் தவிலாகக் கேட்கவில்லை. கடைசியில் அவற்றை விற்று 5 அங்குல வூபர் உள்ள சோடி வந்த அன்றைக்குத்தான், நான் பத்து வருடம் கேட்ட ஒரு நாதஸ்வரப் பதிவில் இரண்டாவது தவில் ஒன்று இருப்பதே தெரிந்தது.

சரி, சிறிசில் எது? 5 முதல் ஆறரை அங்குல வூபர், இரண்டு வழி ஸ்பீக்கர் (கீழொலிக்கு வூபர், மேலொலிக்கு ட்வீட்டர்). பெட்டி அடைத்ததாக இருந்தால் மிக நல்லது. அடைத்த பெட்டியில் பேஸ் ஒரு எண்மத்துக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல் வீதம் மெதுவாகக் குறைகிறது. காற்றுத் துளை உள்ள பெட்டியில் அது 24 டெசிபெல், கீழே போனதும் சட்டென்று விழும். மூடிய சிறிய அறையோ தன் பங்குக்கு ஆழமான பேஸைத் தூக்கிக் கொடுக்கும். மெதுவாகக் குறைவதும் அறை தூக்குவதும் ஓரளவு சமன்பட்டு, பெட்டியின் அளவுக்கு மிஞ்சிய, ஆனால் கட்டுக்கோப்பான பேஸ் கிடைக்கும். 1970களில் ஒலிபரப்பு வேன்களைப் போன்ற நெருக்கமான இடங்களுக்காக பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் இதற்கு நல்ல சாட்சி. ஓர் அடி உயரம், 5 அங்குல வூபர், அடைத்த பெட்டி. 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக எதுவும் வராது. மனிதக் குரலை அதைப்போல் உண்மையாகச் சொல்லும் பெட்டி இன்றைக்கும் குறைவு.

இப்போது விற்பனையில் உள்ளவற்றில் அடைத்த பெட்டி அரிது. துளை உள்ளதை எடுப்பதென்றால், துளை முன்பக்கம் இருப்பதைப் பாருங்கள், அல்லது அதை அடைப்பதற்கு ஸ்பொஞ் அடைப்பான் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் துளையை அடைப்பதில் இன்னொரு பயனும் உண்டு: பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறாது. மெல்லிய காலுறையை இறுக்கமாகச் சுருட்டிச் செருகினாலும் வேலை நடக்கும்.

ட்வீட்டரை வூபரின் நடுவிலேயே பொருத்திய வகை ஒன்று இருக்கிறது. கெஃப் நிறுவனம் 1988 முதல் யூனி-கியூ என்ற பெயரில் செய்வது அதுதான். நீங்கள் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள். அவ்வளவு கிட்டத்தில் சாதாரண ஸ்பீக்கரில் மேலொலி ஓரிடத்திலிருந்தும் கீழொலி ஓரிடத்திலிருந்தும் வருவது போல் சில வேளை தோன்றும். இந்த வகையில் அந்தப் பிரச்சினை இல்லை. உங்கள் அறைக்கு, அடைத்த பெட்டி கிடைக்காவிட்டால், என் முதல் தெரிவு இது.

அம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் அம்ப்ளிஃபையர்) பற்றி நீண்ட நேரம் கவலைப்பட வேண்டாம். 86 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் தரும் சத்தம்) உள்ள ஒரு சோடி, ஒரு வாட்டிலேயே உங்கள் கதிரைக்கு 85 டெசிபெல் அளவில் கொடுத்துவிடும். அது ஏற்கெனவே உரத்த சத்தம். உச்சங்களுக்கு இடம் விட்டாலும், சேனலுக்கு 40 அல்லது 50 வாட் உண்மையான ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) போதும். பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் (கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பர எண்) போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இனி வைக்கும் இடம். ஸ்பீக்கரை விடவும் இதில்தான் கூடுதல் பொறுமை வேண்டும். 10 அடிச் சுவரை முன்சுவராக்கி, 12 அடி நீளத்தை நோக்கி ஒலி போகும்படி வையுங்கள். வூபருக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் 3 அடி. பக்கச் சுவருக்கு இரண்டேகால் அடி. ஸ்டாண்டில் ஏற்றும்போது வூபரின் நடு தரையிலிருந்து 2 அடி 8 அங்குலம், ட்வீட்டர் உங்கள் காது மட்டம். இந்த மூன்று தூரங்களும் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதைக் கவனியுங்கள், அது வேண்டுமென்றே செய்தது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, தூரத்தைப் பொறுத்து ஒரு சுருதியை அழித்துவிடும். 286ஐ அடியால் வகுத்தால் அந்தச் சுருதி தெரியும். 3 அடிக்கு 95 ஹேர்ட்ஸ், இரண்டேகாலுக்கு 127, 2 அடி 8 அங்குலத்துக்கு 107. மூன்று தூரமும் ஒன்றாக இருந்தால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து, ஆண் குரலின் அடித்தளமே காணாமல் போகும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே இப்படி ஐந்தரை அடி வரும். உங்கள் கதிரை பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி இருக்கட்டும். அப்போது ஒவ்வொரு ஸ்பீக்கரும் காதிலிருந்து ஐந்தேகால் அடி, ஏறக்குறைய சமபக்க முக்கோணம். பின்சுவரில் தலை சாய்த்து உட்காருவது சுகம்தான், ஆனால் பேஸ் அங்கே குவிந்து கிடக்கும். அறையின் சரிநடுவில், ஆறு அடியில் உட்கார்ந்தால் 48 ஹேர்ட்ஸ் அப்படியே மறைந்துவிடும். இரண்டும் வேண்டாம். இந்த அளவுகளில் தொடங்கி, ஒரே பாட்டைப் போட்டு, கதிரையை இரண்டு இரண்டு அங்குலமாக நகர்த்திப் பாருங்கள்.

அடுத்தது சுவர். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், அது எதிரெதிர் வெறுஞ்சுவர்களின் வேலை. நீங்கள் கதிரையில் இருக்க, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கேதான் உறிஞ்சும் பலகை வைக்க வேண்டும். முட்டை மட்டை ஒட்டுவதால் பயன் இல்லை. பன்பாய் தொங்கவிட்டால் மேலொலி மட்டும் மங்கும், மற்றது எல்லாம் அப்படியே இருக்கும். தடிப்பு வேண்டும்: 4 அங்குலக் கண்ணாடிப் பஞ்சு அல்லது பாறைப் பஞ்சு. அது கிடைக்காவிட்டால் ஸ்பிரிங் இல்லாத தும்பு மெத்தையை 4 அடிக்கு 2 அடியாக வெட்டி, மரச்சட்டத்தில் இறுக்குங்கள். மேலே போர்த்துவதற்கு மருதமுனைக் கைத்தறித் துணியை விட நல்லதை நான் பார்க்கவில்லை. வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும், அதுதான் சோதனை. அந்த நெசவு அப்படி மூச்சு விடும், பார்வைக்கும் அழகு. பஞ்சைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். பலகைக்கும் சுவருக்கும் இடையே 2 அங்குலமாவது இடைவெளி விடுங்கள். ஒலி உறிஞ்சுவது கூடும், வாடைக்காற்று மழையில் பூஞ்சணமும் பிடிக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 57 ஹேர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளமே 5 அடி. 4 அங்குலப் பலகை அதை ஒன்றும் செய்யாது. பின்மூலைகளில் தரை முதல் கூரை வரை தடிப்பான மெத்தைகளை அடுக்கினால் ஓரளவு குறையும். சும்மா கிடைக்கும் மருந்தும் ஒன்று உண்டு: பின்பக்கக் கதவையோ யன்னலையோ திறந்து வைத்துக் கேளுங்கள். பேஸ் வெளியே போக வழி கிடைத்ததும் அறை இளகுவதை உணர்வீர்கள். பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொள்ளுங்கள்.

கடற்கரையோடு இருக்கிறீர்கள், அதனால் இதுவும் முக்கியம். வூபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்க வேண்டும். பழைய ஸ்பீக்கர்களில் வரும் ஃபோம் வளையம் நம் ஈரப்பதனில் சில வருடங்களிலேயே உதிரும். வெறும் செப்புக் கம்பியை நேரே பூட்டினால் உப்புக் காற்றில் பச்சை படரும். தங்கமுலாம் பூசிய பனானா பிளக் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் தூசி உள்ளே வரும், முன்துணியைக் கேட்கும்போது மட்டும் கழற்றுங்கள். பின்னேரத்தில் இடி முழங்கினால் அம்பின் பிளக்கையே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது காணாது.

உறவினருடைய ஸ்பீக்கரை வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருக்கும், தெரியும். பெரிய கூடம் இருந்தால் அங்கே அவை நன்றாகப் பாடும். எடுப்பதென்றால் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ விடுங்கள். கூம்பை இரண்டு பக்கமும் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசும் சத்தம் வரக்கூடாது. மல்டிமீற்றர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டுவது சரி.

கொழும்புக்கு உதயதேவி ரயிலில் போகும்போது நீங்கள் மனப்பாடமாக அறிந்த மூன்று பதிவுகளைக் கொண்டுபோங்கள்: தனிக் குரல் ஒன்று, தவிலோடு நாதஸ்வரம் ஒன்று, பேஸ் கிட்டார் ஓடும் பாட்டு ஒன்று. கடையில் இரண்டு சோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் உரத்துக் கேட்பதே நல்லதாகத் தோன்றும், காதின் இயல்பு அது. ஐந்தடி தூரத்தில் கதிரை போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். திருப்பித் தரும் வாய்ப்பு இருக்கிறதா என்று விலை பேச முன்னரே விசாரியுங்கள்.

அறையின் கதவும் யன்னலும் எந்தச் சுவரில் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு தாளில் கீறிப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, பலகைகளை எங்கே அடிப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.