வேலிக்குள் ஒரு மேடு

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் ராணுவ வேலிக்குள் ஒரு மண்மேடு இருக்கிறது. சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போனபோது அங்கே கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடு பொறுக்கி விளையாடியிருக்கிறோம். இப்போது உள்ளே விடமாட்டார்கள். அந்த வரலாறு அவ்வளவுதானா? ஒருநாள் நாங்களே போய் எடுத்து வரலாமா, ஐயா?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. வேலி தாண்டினால் வழக்கு வரும், அது ஒரு பக்கம். எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத ஓட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இருபது வருஷம் அகழாய்வுக் குழிகளில் டேப் பிடித்தவன் நான். உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அழகன்குளத்தில் 1986-87இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. ரோமானிய நாணயமும், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடும், கப்பல் படம் கீறிய ஓடும் கிடைத்தன. வைகை கடலில் சேரும் இடம் பழைய துறைமுகம் என்று அடித்துச் சொல்ல முடிந்ததே, அவை எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்று குறித்து வைத்ததால்தான்.

உங்கள் மேடு வேலிக்குள் இருப்பதில் எனக்குப் பாதி நிம்மதி. வெளியே இருந்தால் சவுடு மண் லாரியோ இறால் பண்ணையோ பிளாட்காரரோ என்றைக்கோ முடித்திருப்பார்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளி ராணுவப் பயிற்சி நிலமாக ஆனதால் ஏர் படாமல் தப்பியது. பழங்காலப் புதைமேடுகள் அங்கே இன்னும் நிற்கின்றன. அங்கே தோண்டாதே என்று வீரர்களுக்குச் சொல்ல நட்சத்திரக் குறிப் பலகை வைத்திருக்கிறார்கள். 2011 முதல் காயம்பட்ட வீரர்களையே அகழாய்வில் சேர்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராணுவமே கட்டினாலும் பழைய இடத்துக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

மீதிப் பாதி கவலைதான். உள்ளேயும் சாலை போடுவார்கள், பள்ளம் தோண்டுவார்கள். ஜேசிபி இறங்கும் முன்னே ஒரு மேற்பரப்பாய்வு நடந்தால் போதும். ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து மீட்டர் விட்டு வரிசையாக நடக்க வேண்டும். ஓடு கண்ட இடத்தில் எடுக்காமல் கொடி குத்தி, ஜிபிஎஸ்ஸில் குறிக்க வேண்டும். சுடுபயிற்சி நிலமென்றால் வெடிக்காத குண்டு பார்க்கிறவர் முன்னால் போவார். நம் பக்கம் பெரிய தொல்லை சீமைக்கருவேலம், தரையே கண்ணில் படாது. நாங்கள் எலி வளை வாயைத்தான் பார்ப்போம். கீழே இருப்பதை எலி மேலே தள்ளியிருக்கும். ஐப்பசி மழை கழுவிவிட்ட மறுவாரம் நடந்தால் இன்னும் நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது இது: மேடு ஊருணிக்கு எந்தப் பக்கம், எத்தனை பனை தள்ளி என்று கையாலேயே ஒரு படம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், பொறுக்குகிறவன் முதலில் வருவான். ட்ரோன் விடும் யோசனையும் வேண்டாம். பழைய காசு ஏதும் எடுத்து வைத்திருந்தால் அதையும் ஆட்சியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் எதற்கும் பொருந்தும்!

அப்புறம், அந்த ஓடு உள்பக்கம் கறுப்பா, வெளிப்பக்கம் கறுப்பா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே. வீட்டில் ஒன்றாவது மிச்சம் இருந்தால் கழுவாமல் பார்த்து எழுதுங்கள்.